மார்போல் ஐந்தாம் இணைப்பு: வாய்மொழித் தேர்வுக்கு நான் படித்த முறை

மார்போல் என்பது கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம்; அதன் ஐந்தாம் இணைப்பு கப்பல் குப்பையைப் பற்றியது. செகண்ட் மேட் என்ற கப்பல் அதிகாரிப் பதவிக்கான தகுதிச் சான்றிதழின் வாய்மொழித் தேர்வில் மூன்றாம் ஃபங்ஷனை (தேர்வின் ஒரு பிரிவு) நான் இரண்டாவது முயற்சியில்தான் கடந்தேன். முதல் முறை தோற்றதற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி. கப்பல் வங்காள விரிகுடாவில் கரையிலிருந்து 40 கடல்மைல் தொலைவில் சென்றுகொண்டிருக்கிறது, சரக்குக்கு அடியில் இட்ட டன்னேஜ் பலகைகள் மிஞ்சிக் கிடக்கின்றன, அவற்றை என்ன செய்வீர்கள் என்று தேர்வாளர் கேட்டார். 25 கடல்மைலுக்கு அப்பால் கடலில் போடலாம் என்று தயங்காமல் சொன்னேன். உங்கள் குறிப்பு எந்த ஆண்டினுடையது என்று மட்டும் அவர் கேட்டார். சீனியர்களிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்த நகல் குறிப்பு அது. நான் ஒப்பித்த விதி 2012ஆம் ஆண்டோடு முடிந்துபோன விதி.

ஆகவே, இந்தப் பாடத்தைத் தொடங்குபவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது தொலைவு அட்டவணையை அல்ல, 2013 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் செய்த தலைகீழ் மாற்றத்தை. 1988 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருந்த பழைய ஐந்தாம் இணைப்பு, பிளாஸ்டிக்கை மட்டும் முற்றிலும் தடுத்துவிட்டு, காகிதம், கந்தல், கண்ணாடி, உலோகம், டன்னேஜ் போன்றவற்றைக் குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் கடலில் போட இடம் கொடுத்திருந்தது. திருத்தத்திற்குப் பிறகு எந்தக் குப்பையையும் கடலில் போடக்கூடாது என்பதே பொது விதி. உணவுக் கழிவு, கடல் சூழலுக்குத் தீங்கு செய்யாத சரக்கு எச்சம், அதே தன்மையுள்ள துப்புரவுப் பொருள் கலந்த கழுவுநீர், பயணத்தில் இறந்த கால்நடைகளின் உடல் ஆகிய நான்கு மட்டுமே நிபந்தனைகளோடு விலக்குப் பெற்றவை. சமையல் எண்ணெயும் குப்பை எரிக்கும் இன்சினரேட்டரின் சாம்பலும் தடைக்குள் அடங்கியவை. தேர்வறையில் எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும், "கூடாது" என்பதிலிருந்து தொடங்கி, அது அந்த நான்கில் வருகிறதா என்று பார்த்த பிறகே தொலைவைச் சொல்லுங்கள்.

உணவுக் கழிவைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் வந்தே தீரும். சிறப்புப் பகுதிகள் என்று குறிக்கப்பட்ட, கடுமையான விதி உள்ள கடல்களுக்கு வெளியே, 25 மில்லிமீட்டருக்கு மிகாத துளையுள்ள சல்லடையில் இறங்கும் அளவுக்கு அரைத்த உணவுக் கழிவை 3 கடல்மைலுக்கு அப்பாலும், அரைக்காததை 12 கடல்மைலுக்கு அப்பாலும் வெளியேற்றலாம். சிறப்புப் பகுதிக்குள் அரைத்ததை மட்டும், அதையும் 12 கடல்மைலுக்கு அப்பால்தான் வெளியேற்றலாம். இவ்வளவையும் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். பலர் தவறவிடுவது, கப்பல் பயணத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை. வெளியேற்றப்படுவது இயன்ற அளவு பரந்த பரப்பில் பரவும்படி கப்பல் தன் பாதையில் சென்றுகொண்டிருக்க வேண்டும் என்பது அதன் பொருள். கரையிலிருந்து 14 கடல்மைலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலிலிருந்து உணவுக் கழிவைக் கொட்டலாமா என்று என்னை இரண்டாம் முறை கேட்டார்கள். தொலைவு சரியாக இருந்தாலும் கப்பல் பயணத்தில் இல்லை என்பதால் கூடாது என்றேன். துறைமுகத்தில் பெர்த் (கப்பல் நிற்கும் இடம்) கிடைக்காமல் நாள்கணக்கில் வெளியே காத்திருந்த கப்பலில், பயிற்சிக் காலத்தில், மூடிய பீப்பாய்களை எண்ணிக் கணக்கு வைத்த வேலை எனக்கு இருந்ததால் அந்தப் பதில் யோசிக்காமலே வந்தது.

கலப்பைப் பற்றியும் கேட்பார்கள். வெவ்வேறு வகைக் குப்பைகள் கலந்துவிட்டால் அவற்றுள் கடுமையான விதி எதுவோ அதுவே முழுவதற்கும் பொருந்தும். உணவுத் தொட்டியில் ஒரு பால் பாக்கெட்டின் கிழிந்த மூலை விழுந்தாலும், அதைப் பொறுக்கி எடுக்காத வரை அந்தத் தொட்டியைக் கடலில் கவிழ்க்க முடியாது. கப்பலில் இந்த விதியைக் காப்பாற்றுபவர்கள் சமையல்காரரும் உணவு பரிமாறும் மெஸ்மேனும்தான் என்பதை நான் நேரில் கண்டேன். கேடட்டாக (பயிற்சி மாணவராக) இருக்கும்போது அவர்களோடு ஒரு வாரம் நின்று குப்பை பிரிப்பதைப் பார்த்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

சிறப்புப் பகுதிகள் எட்டு: மத்தியதரைக் கடல், பால்டிக், கருங்கடல், செங்கடல், பாரசீக வளைகுடாவையும் ஓமான் வளைகுடாவையும் சேர்த்த வளைகுடாப் பகுதி, வட கடல், அண்டார்டிக், பரந்த கரீபியன். பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், வரைபடத்தை விரித்து ஒரு பயணத்தைக் கோடிட்டுப் பழகுங்கள். நான் தூத்துக்குடியிலிருந்து ராட்டர்டாம் வரை கோடிட்டேன். அரபிக் கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் பொது விதி பொருந்துகிறது. பாப் எல் மண்டெப்பைத் தாண்டிச் செங்கடலுக்குள் நுழைந்ததும் சிறப்புப் பகுதி தொடங்குகிறது. சூயஸுக்குப் பிறகு மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டருக்கு வெளியே மீண்டும் பொது விதி, ஆங்கிலக் கால்வாயை நெருங்கும்போது 5 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலேயே வட கடல் சிறப்புப் பகுதி. செங்கடலில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 1973இலேயே அது சிறப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தும், கரையோர நாடுகளின் துறைமுகங்களில் கழிவைப் பெறும் வசதி உறுதியாகாததால், 2025 ஜனவரி 1 அன்றுதான் ஐந்தாம் இணைப்பின் கட்டுப்பாடு அங்கே செயலுக்கு வந்தது. பழைய குறிப்புகள் இங்கேயும் உங்களைக் கைவிடும்.

பல்க் கேரியரில், அதாவது மூட்டை கட்டாமல் சரக்கை அப்படியே கொட்டி ஏற்றும் கப்பலில், பணியாற்றியவர்களிடம் ஹோல்டு எனப்படும் சரக்கு அறையைக் கழுவுவதைக் கேட்பார்கள். தானியம் தவிர, இப்படிக் கொட்டி ஏற்றும் திடச் சரக்கு கடல் சூழலுக்குத் தீங்கானதா இல்லையா என்பதைச் சரக்கை அனுப்புபவரே அறிவிக்க வேண்டும். தீங்கானது என்றால் எச்சமும் கழுவுநீரும் கரைக்கே செல்ல வேண்டும். அறிவிப்புத் தாளைப் பார்க்காமல் ஹோல்டில் நீர் அடிக்கமாட்டேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குப்பை விதிகளைக் காட்டும் அறிவிப்புப் பலகை 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களுக்கும், குப்பை மேலாண்மைத் திட்டம் 100 ஜிடி (கப்பலின் மொத்தக் கொள்ளளவைக் காட்டும் அளவு) முதலும், 15 பேரும் அதற்கு மேலும் ஏற்றிச் செல்லச் சான்று பெற்ற கப்பல்களுக்கும் கட்டாயம். குப்பைப் பதிவேடு முன்பு 400 ஜிடி முதல் கட்டாயமாக இருந்தது. 2024 மே 1 முதல் 100 ஜிடிக்கு இறங்கியிருக்கிறது.

இந்தப் பதிவேட்டுக்கு மட்டும் தனியாக ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். 2018 மார்ச் முதல் அது இரண்டு பகுதிகளாக இருக்கிறது. ஏ முதல் ஐ வரையான வகைகள் முதல் பகுதியிலும், சரக்கு எச்சத்துக்கான ஜே, கே இரண்டாம் பகுதியிலும் வருகின்றன. மின்னணுக் கழிவு ஐ என்ற தனி வகையானதும் அப்போதுதான். கடலில் வெளியேற்றினால் தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, வகை, கனமீட்டரில் மதிப்பிட்ட அளவு ஆகியவற்றை எழுதிப் பொறுப்பு அதிகாரி கையெழுத்திட வேண்டும். நிறைந்த ஒவ்வொரு பக்கத்திலும் கேப்டன் கையெழுத்திட வேண்டும். கடைசிப் பதிவிலிருந்து இரண்டு ஆண்டுகள் அது கப்பலில் இருக்க வேண்டும். தற்செயலாகக் கடலில் விழுந்ததையும் காரணத்தோடு எழுத வேண்டும். என்னிடம் தேர்வாளர் வெற்றுத் தாளை நீட்டி, இன்சினரேட்டரில் எரித்ததற்கும் அதன் சாம்பலைத் துறைமுகத்தில் ஒப்படைத்ததற்கும் பதிவுகளை எழுதச் சொன்னார். எரிக்கத் தொடங்கிய நேரம், இடம், முடித்த நேரம், இடம் என்று எழுதி, சாம்பலை ஈ வகையில் தனிப் பதிவாகக் காட்டி, துறைமுகம் தந்த ரசீதைப் பதிவேட்டோடு இணைக்க வேண்டும் என்று குறிப்பிட்டேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்வியை லைஃப்போட்டிலிருந்து தொடங்கினார்.