அணுவுக்கு ஒரு கிளாஸ் வேண்டாம்

அணுக்களின் அசைவைச் சின்னச் சின்ன நேர இடைவெளிகளில் கணக்கிடும் மாலிக்யூலர் டைனமிக்ஸ் நிரலை சி++-இல் எழுத உட்கார்ந்தால் முதலில் தோன்றுவது ‘அணு’ என்றொரு கிளாஸ். இடம், வேகம், விசை ஒவ்வொன்றுக்கும் மூன்று டபுள் (8 பைட் தசம எண்), ஆக 72 பைட். நிறை, மின்னூட்டம் சேர்த்தால் 88. வர்ச்சுவல் ஃபங்ஷன் (எதை அழைப்பது என்று நிரல் ஓடும்போதுதான் முடிவாகும் ஃபங்ஷன்) ஒன்று வைத்தால் அதன் பாயிண்டருக்கு இன்னொரு 8. நினைவகத்திலிருந்து பிராசசர் ஒரே தடவையில் அள்ளும் துண்டான கேஷ் லைனோ பெரும்பாலும் 64 பைட். தூரம் பார்க்கும் லூப்புக்கு வேண்டியது இடத்தின் 24 பைட் மட்டுமே; மீதியும் சும்மா கூடவே ஏறி வருகிறது.

இதைவிட மோசம், ஜோடிக்கு ஜோடி விசையை வர்ச்சுவலாக அழைப்பது. அழைப்புச் செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எந்த ஃபங்ஷன் வரும் என்று தெரியாததால் கம்பைலர் அதை இன்லைன் செய்வதில்லை, அதாவது அழைக்கும் இடத்திலேயே அதன் கோடைப் பதிப்பதில்லை. அதோடு பல எண்களை ஒன்றாகக் கணக்கிடும் வெக்டரைசேஷனும் போய்விடும். ஏவிஎக்ஸ்2 என்ற பிராசசர் கட்டளைத் தொகுதியில் ஒரே கட்டளையில் நான்கு டபுளைக் கணக்கிடும் வசதி கிடந்து தூங்கும்.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் உருவான லாம்ப்ஸ் என்ற மாலிக்யூலர் டைனமிக்ஸ் நிரலைத் திறந்து பாருங்கள். அங்கே ‘பேர்’ (Pair, ஜோடி) என்ற அடிப்படை கிளாஸில் ‘கம்ப்யூட்’ என்றொரு வர்ச்சுவல் ஃபங்ஷன். அழைப்பு அணுவுக்கு ஒன்றல்ல, டைம்ஸ்டெப்புக்கு (ஒவ்வொரு நேர அடிக்கு) ஒன்று. இரட்டை லூப் முழுவதும் அதற்குள். இடத்துக்கு ஓர் அர்ரே, விசைக்கு ஓர் அர்ரே. லூப்புக்கு முன் இவற்றின் பாயிண்டர்களை லோக்கல் மாறிகளில் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால், விசையை எழுதும்போது அந்தப் பாயிண்டர்களும் மாறியிருக்கலாம் என்று அஞ்சி கம்பைலர் திரும்பத் திரும்பப் படிக்கும்.

இரண்டு அணுக்களுக்கு இடையே வழக்கமாகப் போடும் லெனார்ட்-ஜோன்ஸ் விசைக்கு வர்க்கமூலமே வேண்டாம். தூரத்தின் வர்க்கத்தைக் கட்ஆஃபின் (அதற்கு அப்பால் விசையைக் கணக்கில் எடுக்காத எல்லைத் தூரம்) வர்க்கத்தோடு ஒப்பிட்டு, தூர வர்க்கத்தின் தலைகீழியை மூன்றாம் படிக்கு உயர்த்தினால், தூரத்தின் தலைகீழியின் ஆறாம் படி கிடைத்துவிடும். 48 × எப்சிலான் × சிக்மாவின் 12-ஆம் படி (எப்சிலான் விசையின் வலிமையையும் சிக்மா அணுவின் அளவையும் குறிக்கும்) போன்ற மாறிலிகளைத் தொடக்கத்திலேயே போட்டு வையுங்கள்.

இடத்தின் எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் தனித்தனி அர்ரேயாகப் பிரிக்கலாமா? கட்டவலையில் (கிரிட்) வரிசையாக நடக்கும் கணக்குக்குத் தாராளமாக. ஒவ்வொரு அணுவுக்கும் பக்கத்து அணுக்களைக் குறித்துவைக்கும் நெய்பர் லிஸ்ட் வழியே அங்குமிங்கும் தாவும்போது மூன்றும் சேர்ந்திருப்பதே பெரும்பாலும் மேல். பிரித்தால் ஓர் அணுவுக்கு மூன்று கேஷ் லைன் தேவைப்படும்.

நியூட்டனின் மூன்றாம் விதியைப் (ஒன்றின் மேலுள்ள விசை, மற்றதன் மேல் எதிர்த்திசையில் அதே அளவு) பயன்படுத்தி ஜோடியை ஒருமுறை மட்டும் கணக்கிட்டால் வேலை ஏறக்குறைய பாதி. ஆனால் லூப்பைப் பல திரெட்களுக்குப் (ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) பிரித்துக் கொடுக்கும் ஓபன்எம்பி போட்டதும் இரண்டு திரெட்கள் ஒரே அணுவின் விசையில் எழுதும். விடை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும், பிழைச்செய்தி எதுவும் வராது. திரெட்டுக்கு ஒரு விசை அர்ரே வைத்துக் கடைசியில் கூட்டுங்கள், அல்லது ஒவ்வொரு ஜோடியும் இரு அணுக்களிடமும் இடம்பெறும் முழு நெய்பர் லிஸ்ட் வைத்து ஒவ்வொரு ஜோடியையும் இருமுறை கணக்கிடுங்கள். ஜிபியுவில் பெரும்பாலும் இரண்டாவதே வேகம்.