நம்ம பிள்ளை திரையில் வந்தபோது

2023இல் ஜீ தமிழ் சரிகமப பாட்டுப் போட்டி மேடையில் இலங்கையின் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துச் சிறுமி பாடிய இரவுகளில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரே டிவிக்கு முன்னால் மூன்று வீட்டார் உட்கார்ந்திருந்தோம். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா "நம்ம புள்ள" என்று அழுதேவிட்டார். பட்டம் யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவுக்குக் கிடைத்தது. சரி, அதுவும் சந்தோஷம்தான்.

அப்புறம்? நம் நாட்டுச் சேனல்களில் தோட்டத்து ஆள் என்றால் கூடை சுமக்கும் பெண், குடிகாரக் கணவன். செய்தியில் வர வேண்டுமென்றால் மண் சரிய வேண்டும், இல்லை தேர்தல் வர வேண்டும். ஹட்டனில் பாடம் நடத்தும் டீச்சர், நுவரெலியா ஆஸ்பத்திரித் தாதி, கொழும்புக் கடையில் நிற்கும் தம்பி, இவர்களை வைத்து ஒரு நாடகம் எழுதுங்களேன். சீரியல் பார்த்துப் பார்த்து என் மகள் சென்னைத் தமிழ் பேசுகிறாள். எங்கள் பேச்சையும் அவள் டிவியில் கேட்க வேண்டும்.