அதிரசம்: பாகை விட அரிசியின் ஈரத்தோடுதான் எனக்கு வேலை

அதிரசம் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் பாகுப் பதத்தைத்தான் சொல்கிறார்கள். பாகு இளகினால் எண்ணெயில் பிரிந்து போகும், முறுகினால் கல்லாகும், உண்மைதான். ஆனால் புரட்டாசியில் இருந்து சின்னச் சின்ன அளவாகச் செய்து, ஒவ்வொரு தடவையும் எடை போட்டு நோட்டில் எழுதி வந்ததில் எனக்குத் தெளிவானது வேறு. ஒரே பாகை ரெண்டு கிண்ணத்து மாவில் சமமாக ஊற்றினால் ஒன்று பஞ்சாக வருகிறது, இன்னொன்று விளிம்பில் வெடித்து வறட்டென்று நிற்கிறது. வித்தியாசம் மாவின் ஈரத்தில் மட்டும்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் தீபாவளி அமாவாசைக்குக் கேதார கௌரி நோன்பு உண்டு. நோன்புச் சட்டிக்கு 21 அதிரசம் வைக்க வேண்டும், உடையாமல், முடிந்தவரை ஒரே அளவில். அதனால் எல்லாக் கணக்கையும் அரைக் கிலோ பச்சரிசிக்கே வைத்துக்கொண்டேன். அரைக் கிலோ அரிசி, 375 கிராம் வெல்லம். இதில் 35 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 21 போக, பிள்ளைகள் அடுப்படியிலேயே சூடாகத் தின்னவும் மிஞ்சும்.

அரிசி, மளிகைக் கடையில் மாவுப் பச்சரிசி என்று கேட்டால் கொடுப்பது. கழுவி ரெண்டு மணி நேரம் ஊறவைத்து வடிதட்டில் கொட்டிவிடுகிறேன். தண்ணீர் சொட்டுவது நின்றதும் நிறுத்தால் அரைக் கிலோ 650 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்புறம் பழைய பருத்தி வேட்டியில் மெல்லிசாகப் பரப்பி நிழலில் உலர்த்தல், வெயில் கூடவே கூடாது. எடை 600, 610 வந்ததும் அள்ளி மிக்ஸிக்குப் போகிறேன். 560 வரை காயவிட்டும் வேண்டுமென்றே ஒரு பங்கு செய்து பார்த்தேன், மாவு பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாகை உறிஞ்சிக்கொண்டே போய் மறுநாள் தட்டும்போது ஓரமெல்லாம் கீறியது. ஈரம் அதிகமான 640-இல் அரிசி மிக்ஸி பிளேடுக்கு அடியில் அப்பிக்கொள்கிறது, சலிக்கவும் முடிவதில்லை.

மேலூரில் இருக்கும் அப்பத்தாவிடம் இந்த எண்களைச் சொன்னேன். அவர் தராசு வைத்துச் செய்தவர் இல்லை. "அரிசியப் பொத்திப் பிடிச்சா உள்ளங்கை ஈரமாகணும், கைய விரிச்சா ஒட்டாம உதுரணும், அம்புட்டுத்தான் தாயி" என்றார். அப்படியே பிடித்துப் பார்த்து, அந்தப் பதத்தில் நிறுத்தபோது தராசு 605 காட்டியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஐப்பசி அடைமழையில்தான் தீபாவளி வருகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். புரட்டாசி வெக்கையில் ஃபேன் போடாமலே முக்கால் மணியில் எடை இறங்கியது. மழை பிடித்த நாளில் ஃபேனுக்கு அடியில் போட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அரை மணி நேரம் உலர்த்தவும் என்று எழுதியிருக்கும் குறிப்புகள் அதனால்தான் ஒருத்தருக்குச் சரியாக வந்து இன்னொருத்தருக்குக் காலை வாருகின்றன. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள், இல்லையென்றால் அப்பத்தா சொன்னபடி கையைப் பாருங்கள்.

பாக்கெட் அரிசி மாவிலும் ஒரு கைப்பங்கு போட்டுப் பார்த்தேன். தண்ணீர் தெளித்துப் பிசறி மூடிவைத்தும் அதிரசம் கடிக்கக் கெட்டியாகத்தான் வந்தது. காய்ந்த அரிசியை அரைக்கும்போது சூட்டிலும் உரசலிலும் மாவுச்சத்துத் துகள்கள் நிறைய சிதைந்துவிடுகின்றன, சிதைந்த துகள் தண்ணீரை அதிகமாக இழுக்கும். ஊறிய அரிசி மெத்தென்று இருப்பதால் அந்தச் சிதைவு குறைவு, மாவும் நைசாக விழும். பின்னால் தெளிக்கிற தண்ணீர் அதைச் சரிசெய்யாது என்பது இப்போது புரிகிறது. அரைத்த மாவைச் சலித்து, கப்பியைத் திரும்ப அரைத்து, பாத்திரத்தில் அழுத்தி வைத்து ஈரத்துணி போட்டு மூடிவிடுங்கள். பாகு காய்ச்சுகிற நேரத்தில் ஃபேன் காற்றில் மாவு கிடந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

வெல்லம் மதுரை கீழமாசி வீதியில் வாங்கினேன். அங்கே வெல்லக் கடைகளில் நின்றால் மஞ்சளில் இருந்து கறுப்பு வரை அத்தனை நிறமும் இருக்கும். பளிச்சென்ற மஞ்சள் வேண்டாம், நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கலாம். பாகு வெல்லம் என்று கேளுங்கள், கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும், அதுதான் இதற்கு. 375 கிராமுக்கு 100 மில்லி தண்ணீர், கரைந்ததும் கட்டாயம் வடிகட்ட வேண்டும், அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

பாகுக்கு, முள் மாதிரி கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். தண்ணீர் வற்ற வற்றப் பாகு கொதிக்கிற சூடு ஏறிக்கொண்டே போகும், அதனால் வெல்லம் மழைக்கு நீர்த்திருந்தாலும் எண் பொய் சொல்லாது. 112 டிகிரியில் இறக்குகிறேன். அந்த நேரத்தில் பெரிய நுரை அடங்கிச் சின்னச் சின்னக் குமிழிகள் நெருக்கமாக, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, பளபளவென்று மேலே வந்து மெதுவாக உடையும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் திரளும், உருட்டலாம், ஆனால் கையில் எடுத்ததும் தளர்ந்து பரவும். 118 வரை விட்டால் சொட்டு கெட்டி உருண்டையாக நிற்கிறது, அதில் செய்த அதிரசம் ஆறியதும் பல்லுக்கு வேலை. கொடைக்கானலில் இருக்கும் சித்தி மகள் இதே எண்ணை வைத்துச் செய்யலாமா என்று கேட்டாள், கூடாது, அந்த உயரத்தில் தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும், அதனால் ஏழு டிகிரி குறைத்து 105 என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஏலக்காய், சுக்கு, கொஞ்சம் வெள்ளை எள் மாவிலேயே கலந்துவிடுவேன். மாவில்தான் பாகை ஊற்ற வேண்டும், மொத்தமாக இல்லை, கிண்டக் கிண்ட. கரண்டியில் எடுத்தால் பட்டென்று விழாமல் தொங்கி இறங்குகிற பதத்தில் நிறுத்தி, மிஞ்சும் ரெண்டு கரண்டிப் பாகைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இளகலாகத் தெரிந்தால் பயந்து மாவைக் கொட்டாதீர்கள், ஆறும்போது தானே இறுகும். மேலே நெய் தடவித் தூக்குவாளியில் போட்டு வைத்தால் அன்றைக்கே தட்டியதற்கும் ரெண்டு நாள் கழித்துத் தட்டியதற்கும் பெரிய வித்தியாசம். ஈரம் மாவு முழுக்க ஒரே சீராகப் பரவிவிடுவதால் கையில் ஒட்டாமல் வழுவழுவென்று வருகிறது. இறுகிப் போயிருந்தால் எடுத்துவைத்த பாகைச் சுடவைத்து ஊற்றிப் பிசையலாம், வெதுவெதுப்பான பாலும் தெளிக்கலாம்.

சுடுவதில் அவசரம் ஆகாது. கடலை எண்ணெய், மிதமான தீ, ஒரு நேரத்தில் ஒன்று. நெய் தடவிய வாழை இலையில் தட்டி நழுவவிட்டால் முதலில் அடியில் போகும், ஒன்று ரெண்டு மூச்சில் ஓரத்தில் பொடிக் குமிழிகள் கட்டி மேலே எழும்பி நடுவில் உப்பும். அப்போது திருப்பி, நிறம் இன்னும் ஒரு படி கம்மியாக இருக்கும்போதே எடுங்கள், வெளியே வந்த பிறகும் கறுக்கும். உடனே ரெண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தினால் எண்ணெய் ஒழுகி வடிகிறது, ஆறியபின் அழுத்தினால் உடையும். நன்றாக ஆறும்வரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். அடுத்த நாள்தான் சரியான ருசி, அதனால் நோன்புக்கு முந்தின நாளே சுட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது பாக்கி இருப்பது அளவைக் கூட்டுவது. அக்கம்பக்கத்துக்கும் அப்பத்தா வீட்டுக்கும் சேர்த்து மூணு கிலோவாவது வேண்டும், அவ்வளவையும் மிக்ஸியில் போட்டால் ஜார் சூடாகி மாவு காய்ந்துவிடும். தீபாவளி நேரத்தில் ஈர அரிசிக்கென்றே தனி மெஷின் ஓட்டுகிற மில், திருப்பரங்குன்றம், பழங்காநத்தம் பக்கம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அரைத்து வாங்கியதும் மாவை எடை போட்டு, மெஷின் சூட்டில் எவ்வளவு ஈரம் போகிறது என்றும் எழுதுகிறேன்.