மகளுக்கு நெவேயா என்று பெயர் பதிந்து எடுத்த கதை

மட்டக்களப்புப் பக்கம் பிள்ளைக்குக் கொஞ்சம் புதுப் பெயர் வைக்க நினைத்திருக்கிற அம்மாமார், ஆஸ்பத்திரியில் பதிவுக்குப் போக முதல் இதை ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு வேலை முடிந்துவிட்டது, ஆனால் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

மகளின் பெயர் நெவேயா. ஆங்கிலத்தில் பரலோகத்தைச் சொல்லும் ஹெவன் என்ற சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி எழுதினால் என், இ, வி, ஏ, இ, எச் என்று வரும், அதுதான் இந்தப் பெயர். கத்தாரில் என் கணவரோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரின் மகளுக்கு இந்தப் பெயர் இருந்தது, அவர் போனில் சொன்னவுடனேயே எனக்குப் பிடித்துவிட்டது. கலியாணமாகிக் கனகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, ஜெபித்துக் கிடைத்தவள் இவள். அவளுக்கு வேறு பெயர் தேட எனக்கு மனம் வரவில்லை.

மாமிக்குத்தான் விளங்கப்படுத்தக் கஷ்டம். "என்ன புள்ள, வேதாகமத்திலயும் இல்லாத பேரு" என்று கேட்டார். அவருக்குச் சொல்வதற்காகத்தான் இந்தப் பெயரின் வரலாற்றைத் தேடி வாசித்தேன், பிறகு அது கந்தோரிலும் உதவியது. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரச நிறுவனம் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளின் பெயர்க் கணக்கை வெளியிடுகிறது. 1999 இல் அங்கே பிறந்த பெண் பிள்ளைகளில் 8 பேருக்குத்தான் இந்தப் பெயர். 2000 ஆம் ஆண்டு பி.ஓ.டி. என்ற கிறிஸ்தவ ரொக் இசைக்குழுவின் பாடகர் சொனி சண்டோவல், எம்.டி.வி.யில் கிரிப்ஸ் என்ற நிகழ்ச்சியில் தன் கைக்குழந்தையைக் காட்டி, பெயர் நெவேயா, ஹெவனைத் திருப்பி எழுதியது என்று சொன்னார். அவ்வளவுதான், 2001 இலேயே முதல் 1000 பெண் பெயர்களுக்குள் 266 ஆவது இடத்துக்கு வந்துவிட்டது. 2005 இல் வனெசா, அமண்டா மாதிரிப் பழகிய பெயர்களையும் முந்தி 70 ஆவது இடம், 2010 இல் 25 ஆவது இடம். அங்கே சபைக்குப் போகிற குடும்பங்கள் விரும்பி வைத்த பெயர் என்று நான் சொன்ன பிறகுதான் மாமி சமாதானமானார். எங்கள் ஊரில் மெதடிஸ்த மிஷன் வந்த 1814 இலிருந்தே ஆங்கிலப் பெயர் புதிதில்லையே. கிரேஸ் அக்கா, மேர்சி ரீச்சர் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள், அதுவும் சொல்தானே, அவர்களிடம் யாராவது காரணம் கேட்டார்களா?

சரி, பதிவுக்கு வருகிறேன். பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அரச ஆஸ்பத்திரியில் பிறந்தால் அங்கேயே பதிவாளர் இருப்பார், அதனால் வேலை சுகம் என்றுதான் நானும் நம்பினேன். வயிற்றுத் தையலோடு வரிசையில் நின்று, பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய துண்டைக் கொடுத்தேன். இருந்தவர் அதை ஒருதரம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். தாய் தகப்பன் விபரம், கலியாணப் பதிவு எல்லாம் வாசித்துக் காட்டினார், பிள்ளையின் பெயரை மட்டும் வாசிக்கவில்லை, நான் கேட்டபோது "எல்லாம் துண்டில இருக்கிற மாதிரித்தான் தங்கச்சி" என்றார். பிறகு அத்தாட்சிப் பத்திரம் கைக்கு வந்தபோது பார்த்தால் நிவேதா! துண்டில் அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும், தனக்குத் தெரிந்த பெயராக அவரே மாற்றிவிட்டார். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "அப்பிடி ஒரு பேர் இல்லையே, பிழையா எழுதிட்டீங்க எண்டு நினைச்சன்" என்ற பதில். மன்னிப்பு ஒன்றும் இல்லை. இனித் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

எந்தப் பிரதேச செயலகம் என்று அவரும் சொல்லவில்லை. எங்கள் விதானையாரைக் கேட்டேன், நாங்கள் குடியிருக்கிற பிரிவுக்குத்தான் போக வேண்டும் என்று கடிதமும் தந்தார். கைக்குழந்தையோடு பஸ்ஸில் போய், நம்பர் எடுத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டிக் காத்திருந்து கடைசியில் போனால், "பிறந்தது பதிவானது இந்தப் பிரிவிலயா? இல்லையே, அங்க போங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துப் பதிவேட்டில்தான் பிள்ளையின் விபரம் இருக்கும். நாங்கள் எங்கே குடியிருக்கிறோம் என்பது இதற்குக் கணக்கில்லை. களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு மட்டக்களப்பு ரவுணில் பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர், எல்லாருக்கும் இந்தச் சிக்கல் வரும்.

சரியான கந்தோரில் இருந்த பெண் எழுதுநர் விண்ணப்பத்தை வாங்கவே இல்லை. அந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன, பிள்ளை பள்ளிக்கூடம் போனால் மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணாதா, நிவேதா நல்ல பெயர்தானே, அப்படியே விடலாமே என்று அறிவுரைதான் வந்தது. நான் படிவத்தை அவர் முன்னால் வைத்து, இதில் அர்த்தம் எழுதச் சொல்லி ஒரு பகுதி இருந்தால் காட்டுங்கள் மிஸ், எழுதித் தருகிறேன் என்றேன். இல்லைதானே. பிறகு இந்தப் பெயர் உலகத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு இருக்கிறது என்று வாசித்ததையும் சொன்னேன். சத்தம் கேட்டு உள்ளே இருந்த மேலதிக மாவட்டப் பதிவாளர் வந்து, கடுதாசிகளைப் புரட்டிப் பார்த்து, ஞானஸ்நானச் சான்றிதழில் கையை வைத்து, "இதில சரியாத்தானே இருக்கு, எடுங்க" என்று சொன்னார். அந்த மனிதருக்கு இன்றைக்கும் என் ஜெபத்தில் இடம் உண்டு.

அந்தச் சான்றிதழ்தான் என்னைக் காப்பாற்றியது. எங்கள் போதகர் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி முத்திரை குத்தித் தந்திருந்தார். என்னிடம் அதோடு சேர்த்துக் கேட்டது பழைய அத்தாட்சிப் பத்திரம், எங்கள் கலியாணப் பத்திரம், இரண்டு பேரின் அடையாள அட்டை, சமாதான நீதவான் முன்னால் முடித்த சத்தியக்கடதாசி. கொப்பி எல்லாவற்றிலும் கூடுதலாக ஒன்று எடுத்து வையுங்கள். கணவர் வெளிநாட்டில் என்றால் அவர் கையெழுத்துக்கு என்ன செய்வது என்று முதல் நாளே கேளுங்கள், நான் கேட்டதால் ஒரு அலைச்சல் மிச்சம்.

பெயர் திருந்திய பத்திரம் வந்தது. அப்புறம் பாஸ்போட்டுக்காக ஆங்கில மொழிபெயர்ப்பு எடுக்கப் போனேன், அங்கேதான் எனக்கு அழுகையே வந்தது. தமிழில் நெவேயா என்று இருப்பதைப் பார்த்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என், இ, வி, ஏ, வை, ஏ என்று அடித்துக் கையெழுத்தும் வைத்துவிட்டார். சத்தத்துக்கு அது சரிதான். ஆனால் அதைத் திருப்பி வாசித்தால் ஹெவன் வராது, ஒன்றுமே வராது. இந்தப் பெயரின் உயிர் அந்த ஆறு எழுத்தின் வரிசையில் மட்டும்தான் இருக்கிறது. அமெரிக்காவிலேயே நடுவில் உள்ள ஏயும் இயும் இடம் மாறிப் பதிந்த பிள்ளைகள் ஏராளம், அந்த எழுத்துக்கூட்டல் தனிப் பெயராகவே பட்டியலில் வருகிறது. ஐயாவுக்கு முதலில் விளங்கவில்லை, தமிழில் உள்ளதைத்தான் தன்னால் எழுத முடியும் என்று நின்றார். ஒரு கடுதாசியில் ஹெவன் என்று எழுதி, கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டினேன். ஞானஸ்நானச் சான்றிதழையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டு, "நல்ல பேர் மகள்" என்று சொல்லிப் புதிதாக அடித்துத் தந்தார், மேலதிகமாகக் காசும் வாங்கவில்லை.

பாஸ்போட் வேலை சுகமாக முடிந்தது, படிவத்தில் மொழிபெயர்ப்பில் உள்ள எழுத்தை அப்படியே போட்டோம். இப்படிப் பெயர் வைக்கிறவர்கள் மொழிபெயர்ப்பாளர் அடிக்கத் தொடங்க முதலே ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வைக்க முதல் நீங்களும் ஒருதரம் திருப்பி வாசித்துப் பாருங்கள். முதல் மொழிபெயர்ப்பு கையில் இருந்தால் கிழித்துவிடுங்கள், இரண்டு எழுத்தில் இரண்டு பத்திரம் வீட்டில் கிடந்தால் விசாவுக்குப் போகும்போது மாறிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

கிளினிக் புத்தகத்தில் மட்டும் இன்னும் நிவேதா என்றுதான் இருக்கிறது. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது புதுப் பத்திரத்தின் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி மிட்வைஃப் மிஸ் சொல்லியிருக்கிறார்.