மெமரி கார்டு 23 எம்பியைத் தாண்டவில்லையா? முதலில் 1.8 வோல்ட்டைத் தேடுங்கள்

அட்டையில் 'நொடிக்கு 100 எம்பி' என்று அச்சிட்ட மைக்ரோ எஸ்டி கார்டை ஒரு ஆர்கே3399 போர்டில் (ராக்சிப் நிறுவனத்தின் அந்தச் சிப் உள்ள சிறு லினக்ஸ் கணினி) செருகி அளந்தால், பல சமயம் 22, 23 எம்பியோடு நின்றுவிடும். கார்டு போலி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதும் லாக்கைப் பாருங்கள். அங்கே 'நியூ ஹை ஸ்பீட் எஸ்டிஹெச்சி கார்டு' என்ற வரி இருந்தால் கார்டின் மேல் குற்றமில்லாமல் இருக்கலாம். 3.3 வோல்ட் சிக்னலில், 50 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில், நான்கு டேட்டா லைன்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த முறையின் உச்சவரம்பே 25 எம்பிதான். அந்த வரியில் 'அல்ட்ரா ஹை ஸ்பீட் எஸ்டிஆர்104' என்று வர வேண்டும்.

இதற்கு டிவைஸ் ட்ரீயில் (போர்டில் உள்ள வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) எஸ்டிஆர்104ஐ இயக்கும் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று பலரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வரியை மட்டும் சேர்ப்பது ஆபத்து. வேகமான முறைகள் எல்லாம், அதாவது எஸ்டிஆர்50 (100 மெகாஹெர்ட்ஸ், 50 எம்பி), டிடிஆர்50 (50 மெகாஹெர்ட்ஸ், கடிகாரத்தின் இரு விளிம்பிலும் டேட்டா, அதே 50 எம்பி), எஸ்டிஆர்104 (208 மெகாஹெர்ட்ஸ், 104 எம்பி) ஆகியவை 1.8 வோல்ட் சிக்னலில்தான் வேலை செய்யும். கார்டுக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்டிலேயே இருக்கும். சிக்னல் லைன்கள் மட்டும் இறங்க வேண்டும். போர்டில் அதற்கான வயரிங் இல்லையென்றால் கெர்னலால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே முதல் வேலை, போர்டின் சர்க்யூட் வரைபடத்தைத் திறப்பது. கார்டு ஸ்லாட் உள்ள பக்கத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, சிப்பின் எஸ்டிஎம்எம்சி பின்களுக்கான (கார்டோடு பேசும் பின்கள்) ஐஓ மின்சாரம், அதாவது சிக்னல் மின்சாரம், எங்கிருந்து வருகிறது என்பது. ஆர்கே3399 போர்டுகள் பலவற்றில் அது ஆர்கே808 பவர் சிப்பின் நான்காவது எல்டிஓவிலிருந்து (வோல்ட்டேஜை நிலையாகத் தரும் ரெகுலேட்டர்) வரும். அதை 1.8 வோல்ட்டுக்கும் 3.0 வோல்ட்டுக்கும் இடையே மாற்ற முடியும் (பொதுவாக 3.3 வோல்ட் சிக்னல் என்று சொல்வது இங்கே 3.0தான்). இரண்டு, கார்டின் விடிடி (மின்சாரம் வாங்கும்) பின்னுக்குப் போகும் வழியில் ஜிபிஐஓ (மென்பொருளால் இயக்கக்கூடிய சிப் பின்) மூலம் அணைக்கக்கூடிய ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்பது. முதலாவது இல்லையென்றால் இந்த வேலையே கிடையாது. இரண்டாவது இல்லையென்றால் வேகம் வரும், ஆனால் ரீபூட் செய்யும்போது சிக்குவீர்கள்.

கெர்னலில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், பிழைச் செய்திகளைப் படிப்பது எளிது. கார்டு தன்னால் 1.8 வோல்ட்டுக்கு வர முடியும் என்று சொன்னதும், கெர்னல் சிஎம்டி11 என்ற கட்டளையை அனுப்புகிறது. கார்டு தன் கட்டளை லைனையும் டேட்டா லைன்களையும் கீழே இழுத்துப் பிடிக்கிறது. கெர்னல் கடிகாரத்தை நிறுத்தி, ரெகுலேட்டரை 1.8க்கு இறக்கி, குறைந்தது 5 மில்லிநொடி காத்திருந்து கடிகாரத்தைத் திரும்ப ஓட்டுகிறது. கார்டு லைன்களை மேலே விட்டால் மாற்றம் வெற்றி. விடாவிட்டால் கெர்னல் கார்டின் மின்சாரத்தை அணைத்துப் போட்டுத் திரும்ப முயல்கிறது. சில தடவைக்குப் பிறகு 'ஸ்கிப்பிங் வோல்டேஜ் ஸ்விட்ச்' என்று எழுதிவிட்டுப் பழைய வேகத்துக்கே போய்விடும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ராக்சிப் போர்டுகள் பயன்படுத்தும் டிடபிள்யூ-எம்எம்சி டிரைவர், சிக்னல் மின்சாரத்துக்கான ரெகுலேட்டர் எது என்று டிவைஸ் ட்ரீ சொல்லவில்லை என்றால் அதை மாற்றும் படியைத் தாண்டிப் போய்விடும். பிழை என்று சொல்லாது. கார்டு 1.8க்கு இறங்கியிருக்கும், சிப் 3 வோல்ட்டிலேயே சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். கார்டு கெட்டுப்போக இதுவே போதும். ஒரு வரி வைத்தியத்தை நான் எதிர்ப்பது இதனால்தான்.

இனி மாற்றங்கள். டிவைஸ் ட்ரீயின் எஸ்டிஎம்எம்சி நோடில் (கார்டு ஸ்லாட்டை விவரிக்கும் பகுதி) இவை இருக்க வேண்டும்: பஸ்-விட்த் 4, கேப்-எஸ்டி-ஹைஸ்பீட், எஸ்டி-யூஹெச்எஸ்-எஸ்டிஆர்50, எஸ்டி-யூஹெச்எஸ்-எஸ்டிஆர்104 இரண்டும், கார்டு மின்சாரத்துக்கு விஎம்எம்சி-சப்ளை, சிக்னல் மின்சாரத்துக்கு விக்யூஎம்எம்சி-சப்ளை. 1.8 வோல்ட்டைத் தடுக்கும் நோ-1-8-வி என்ற வரி இருந்தால் நீக்குங்கள். ஆனால் அதைப் போட்டவர் காரணத்தோடுதான் போட்டிருப்பார் என்பதால் வரைபடத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு நீக்குங்கள். மேக்ஸ்-ஃப்ரீக்வென்சி பல போர்டுகளில் 150000000 என்று இருக்கும். அதாவது 150 மெகாஹெர்ட்ஸ், கணக்குப்படி 75 எம்பி. அதை 208க்கு ஏற்ற ஆசைப்பட வேண்டாம்.

விக்யூஎம்எம்சி சுட்டும் ரெகுலேட்டர் நோடில் குறைந்தபட்சம் 1800000, அதிகபட்சம் 3000000 மைக்ரோவோல்ட் என்று இருக்க வேண்டும். குறைந்தபட்சமும் 3000000 என்று எழுதப்பட்டிருந்தால், வோல்ட்டேஜ் மாற்றம் ஒவ்வொரு முறையும் தோற்கும். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். விஎம்எம்சி சுட்டும் ரெகுலேட்டரில் ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன் இருக்கவே கூடாது. இருந்தால் கார்டை அணைத்துப் போட முடியாது.

ராக்சிப்பில் மூன்றாவதாக ஒரு இடம் உண்டு: ஐஓ-டொமைன் நோடு. பின்களுக்கு வரும் மின்சாரம் 1.8ஆ 3.0ஆ என்று சிப்புக்குச் சொல்லும் பிட் ஒன்று இருக்கிறது. ரெகுலேட்டர் மாறும்போது ஐஓ-டொமைன் டிரைவர் அந்தப் பிட்டையும் மாற்றும். அந்த நோடில் எஸ்டிஎம்எம்சி-சப்ளை அதே ரெகுலேட்டரைச் சுட்ட வேண்டும். 1.8 என்று சொல்லிவிட்டு 3 வோல்ட் கொடுத்தால் சிப்பின் பின்களே பாழாகலாம். இதைச் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இதையெல்லாம் போர்டில் இருக்கும் டிடிபி கோப்பை (கம்பைல் செய்த டிவைஸ் ட்ரீ) டிடிசி என்ற கருவி மூலம் பிரித்துத் திருத்தலாம். பிரித்த கோப்பில் லேபிள்கள் போய் வெறும் ஃபேண்டில் எண்கள்தான் (ஒரு நோடு இன்னொன்றைச் சுட்டும் எண்கள்) இருக்கும்; ரெகுலேட்டரின் நோடைப் பெயரால் தேடி, அதன் ஃபேண்டில் எண்ணை எடுத்து சப்ளை வரியில் போட வேண்டும். ஆனால் கெர்னல் அப்டேட் வந்தால் திருத்திய கோப்பு அழிந்துவிடும். அதனால் ஓவர்லே (மூல டிவைஸ் ட்ரீயின் மேல் பூட்டின்போது சேரும் சிறு திருத்தக் கோப்பு) எழுதுவதே மேல். இப்படிப்பட்ட போர்டுகளுக்கான லினக்ஸான ஆர்ம்பியனில் ஆர்ம்பியன்-ஆட்-ஓவர்லே என்ற கட்டளை, ஓவர்லேயைக் கம்பைல் செய்து பூட் அமைப்பிலும் சேர்த்துவிடும். ஓவர்லேயால் நோ-1-8-வி போன்ற ஒரு வரியை நீக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதற்கு மூலக் கோப்பைத்தான் திருத்த வேண்டும்.

சோதனையை ரூட் கோப்பு முறை (இயங்குதளம்) உள்ள கார்டில் தொடங்காதீர்கள். போர்டிலேயே உள்ள ஈஎம்எம்சி சேமிப்பகத்திலிருந்து பூட் செய்து, வேறொரு கார்டை வெறும் டேட்டா கார்டாகச் செருகிப் பாருங்கள். பழைய டிடிபியை வேறு பெயரில் வைத்திருங்கள். பூட் செய்திகளைக் கேபிள் வழியே பார்க்கும் சீரியல் கன்சோலும் தயாராக இருக்கட்டும். ஆர்கே3399இல் அது வழக்கமாக 1500000 பாட் வேகத்தில் ஓடும். பழைய சிபி2102 சிப் உள்ள யூஎஸ்பி சீரியல் கேபிள்கள் அந்த வேகத்துக்கு வராது.

செருகியதும் டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்த எம்எம்சி அடைவுக்குள் ஐஓஎஸ் கோப்பைப் படியுங்கள். 'டைமிங் ஸ்பெக்' 2 என்றால் பழைய ஹை ஸ்பீட், 5 என்றால் எஸ்டிஆர்50, 6 என்றால் எஸ்டிஆர்104, 7 என்றால் டிடிஆர்50. 'சிக்னல் வோல்டேஜ்' 1 என்றும் 1.80 என்றும் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் எல்டிஓவின் வெளியீட்டிலும் அளந்துவிடுங்கள். கெர்னல் தான் கேட்ட மதிப்பைத்தான் சொல்லும், பலகையில் உள்ளதை மீட்டர்தான் சொல்லும்.

எஸ்டிஆர்104க்கு முன் டியூனிங் நடக்கும். கார்டு 64 பைட் கொண்ட தெரிந்த வடிவம் ஒன்றைத் திரும்பத் திரும்ப அனுப்ப, அதைப் பிழையின்றிப் படிக்கும் ஃபேஸை (கடிகாரத்தில் டேட்டாவைப் படிக்கும் தருணம்) டிரைவர் தேடும். 'சக்சஸ்ஃபுல்லி டியூன்ட் ஃபேஸ்' என்று ஒரு எண்ணோடு வந்தால் நல்லது. 'ஆல் ஃபேசஸ் பேட்' என்று வந்தால் முதலில் வேறு கார்டு போட்டுப் பாருங்கள், அடுத்து பின்களின் டிரைவ் ஸ்ட்ரெங்த்தை ஒரு படி ஏற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் எஸ்டிஆர்104 வரியை எடுத்துவிட்டு எஸ்டிஆர்50உடன் இருந்துவிடுங்கள். நிலையான 50 எம்பி, அவ்வப்போது சிஆர்சி பிழை (டேட்டா சரிபார்ப்பில் தோல்வி) தரும் 75 எம்பியைவிட எவ்வளவோ மேல்.

வேகத்தை அளக்க டிடி கட்டளையில் நேரடி வாசிப்பு முறையைப் போடுங்கள். இல்லாவிட்டால் ரேமிலிருந்து வரும் எண்ணைப் பார்த்து ஏமாறுவீர்கள். ஒருமுறை கார்டு முழுவதையும் படிக்க விடுங்கள், போர்டு நன்றாகச் சூடேறிய பிறகு இன்னொரு முறை. இரண்டு முறையும் கெர்னல் லாக்கில் பிழை எதுவும் வரக் கூடாது.

கூடும் வேகம் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து படிப்பதிலும் எழுதுவதிலும்தான் தெரியும். சிறுசிறு 4 கேபி வாசிப்புகளில் கார்டின் உள் கன்ட்ரோலர்தான் எல்லை. அதற்கு ஏ1 குறி உள்ள கார்டு (குறைந்தது நொடிக்கு 1500 வாசிப்பு, 500 எழுத்து) வாங்குவது பலன் தரும். ராஸ்பெர்ரி பை 3 வரைக்கும், ஆல்வின்னர் ஹெச்3 போர்டுகள் பெரும்பாலானவற்றிலும் கார்டு லைன்கள் 3.3 வோல்ட்டில் நிலையாகக் கட்டப்பட்டவை. அங்கே இந்த வேலைக்கு வழியில்லை. பை 4இல் டிடிஆர்50, பை 5இல் எஸ்டிஆர்104 ஆகியவை தாமாகவே வரும்.

கடைசியாக ரீபூட். 1.8க்கு இறங்கிய கார்டு, மின்சாரம் போகும்வரை 3.3க்குத் திரும்பாது. ரீபூட்டில் சிப் மட்டும் புதிதாகத் தொடங்கும். கார்டு பழைய நிலையிலேயே இருக்கும், பூட் ரோம் (சிப்புக்குள் பதிந்திருக்கும் தொடக்க நிரல்) அதனோடு பேச முடியாமல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் பூட் ஆகிறது, ரீபூட் கட்டளையில் ஆகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கார்டின் மின் சுவிட்ச் ஜிபிஐஓ, சிப் ரீசெட் ஆகும்போது தானாக அணையும்படி இருக்க வேண்டும். அணைந்தாலும் கபாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரம் உடனே வடியாது, 0.5 வோல்ட்டுக்குக் கீழே போய் 1 மில்லிநொடியாவது இருக்க வேண்டும். கெர்னல் தானே அணைத்துப் போடும் சமயங்களுக்கு, அந்த ரெகுலேட்டர் நோடில் ஆஃப்-ஆன்-டிலே-யூஎஸ் என்று எழுதி சில பத்து மில்லிநொடிகள் கொடுங்கள். போர்டில் சுவிட்சே இல்லையென்றால் பூட் கார்டை 3.3 வோல்ட்டிலேயே விட்டுவிட்டு, ஈஎம்எம்சியிலிருந்து பூட் செய்யும் அமைப்பில் மட்டும் இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளுங்கள். எந்த அமைப்பானாலும், பவரைத் தொடாமல் ரீபூட் கட்டளையை மட்டும் இருபது தடவை கொடுத்து, ஒவ்வொரு முறையும் டைமிங் 6 (எஸ்டிஆர்50உடன் நின்றிருந்தால் 5) என்று வருகிறதா என்று பார்த்த பிறகே போர்டைப் பெட்டிக்குள் மூடுங்கள்.