அக்கியும் ஜி-இ புரதமும்
மாம்பலத்துப் பெரியம்மாவுக்கு அக்கி வந்ததிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓயாத வாக்குவாதம்: காவி குழைத்து அக்கி எழுதுவதா, மருத்துவரிடம் போவதா? மருத்துவரிடம்தான். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கிவிடுவது நல்லது. காவி பூசும் பாட்டிகளோடு எனக்குச் சண்டையில்லை. வைரஸுக்குத்தான் அந்த மரியாதை தெரியாது.

என்னை ஈர்ப்பது, அக்கி வைரஸும் சேர்ந்த ஹெர்பீஸ் குடும்பத்து வைரஸ்களின் மேலுறை. அதில் சர்க்கரை ஒட்டிய புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உதட்டில் கொப்புளம் தரும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸில் ஜி-சி, ஜி-பி என்ற இரண்டு புரதங்களும் முதலில் செல்லின் மேலுள்ள ஹெப்பாரன் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டுகின்றன. பிறகு ஜி-டி என்ற புரதம், செல்லின் மேலுள்ள நெக்டின்-1 போன்ற ஏற்பியைப் பற்றுகிறது. அந்தச் சைகை ஜி-எச், ஜி-எல் ஜோடி வழியாகப் போனதும் ஜி-பி உருமாறி, வைரஸின் உறையையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக்கிவிடுகிறது. கதவு திறந்தாயிற்று! ஜி-சிக்கு இன்னொரு வேலையும் உண்டு: நம் எதிர்ப்பு மண்டலத்தின் சி3பி புரதத்தைப் பிடித்து முடக்குவது. திருட்டுத்தனத்திலும் என்ன ஒழுங்கு!

வேடிக்கை என்னவென்றால், சின்னம்மையும் அக்கியும் தரும் வைரஸில் ஜி-டியே கிடையாது. அங்கே ஜி-இ என்ற மேலுறைப் புரதம் இல்லாமல் எதுவும் நடக்காது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, அக்கிக்கான ஷிங்க்ரிக்ஸ் தடுப்பூசியில் வைரஸே இல்லை. இந்த ஜி-இ புரதமும் எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளும்தான். 50 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு தவணை. சென்னையிலும் கிடைக்கிறது, விலையைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது.