ஓவன் கதவின் கண்ணாடிகளுக்கு நடுவே

ஓவன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடுப்பு தெரிந்திருக்கும். கதவுக் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் பளிச்சென்று துடைத்துவிட்டு விளக்கைப் போட்டால், பழுப்பாக வழிந்த கோடுகள் அப்படியே நிற்கும். எந்தப் பக்கத்திலிருந்து சுரண்டினாலும் நகத்தில் எதுவும் சிக்காது. அழுக்கு இருப்பது கண்ணாடிகளுக்கு நடுவில். சுவரில் பதிக்கும் ஓவன்களின் கதவில் இரண்டோ மூன்றோ கண்ணாடிகளை இடைவெளி விட்டுப் பொருத்தியிருப்பார்கள். வெளிக் கண்ணாடியைத் தொட்டால் கை வெந்துபோகாமல் இருக்க அந்த இடைவெளிதான் காரணம். காற்று போய்வரக் கதவின் விளிம்பில் திறப்புகள் உண்டு. ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த வழியாகவே உள்ளே இறங்கிவிடுகின்றன.

பெங்களூரு பாணஸ்வாடியில் எங்கள் வீட்டு ஓவனில் கேக்கைவிட தந்தூரி சிக்கன்தான் அதிகம். தயிரும் எண்ணெயும் மிளகாய்த்தூளும் 220 டிகிரியில் தெறித்தால் கண்ணாடி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சர்வீஸுக்குப் போன் செய்தால் கதவைக் கழற்றித் துடைப்பதெல்லாம் தங்கள் வேலை இல்லை என்றார்கள். சரி, மேனுவலை எடுத்து வைத்துக்கொண்டு நாமே பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன்.

முதலில் மின் இணைப்பைத் துண்டித்தேன். ஓவன் முழுதாக ஆறியிருக்க வேண்டும். கதவை முழுக்கத் திறந்தால் இரண்டு பக்கக் கீல்களிலும் சின்னக் கொக்கி மாதிரி ஒரு பூட்டு தெரியும். இரண்டையும் மடக்கிவிட்ட பிறகுதான் கதவைத் தூக்க வேண்டும். இதில் அவசரமே கூடாது. கீலுக்குள் பலமான ஸ்பிரிங் இருக்கிறது. பூட்டாமல் கதவை இழுத்தால் கீல் படாரென்று மடங்கி விரலை நசுக்கிவிடும். பூட்டியதும் கதவைப் பாதி மூடி, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து மேலே தூக்கினோம். “ஏங்க, மூலை தரையில் இடிச்சிடாம பாத்துக்கோங்க” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். காரணம் உண்டு. இந்தக் கண்ணாடி சூடேற்றிச் சட்டென்று குளிர வைத்து உறுதியாக்கப்பட்டது. நடுவில் அழுத்தினால் தாங்கும், விளிம்பிலோ மூலையிலோ கல்தரை பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பழைய போர்வையை நாலாக மடித்து விரித்து அதன்மேல் கிடத்தினோம்.

எங்கள் மாடலில் மேல்விளிம்புப் பட்டையை இரண்டு பக்கமும் அழுத்தினால் கழன்று வருகிறது. சில மாடல்களில் ஸ்க்ரூ இருக்கும். கண்ணாடியை உருவுவதற்கு முன் போனில் போட்டோ எடுத்துக்கொள்வது மிக முக்கியம். சில கண்ணாடிகளில் ஒரு பக்கம் மட்டும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சு இருக்கும். எந்தப் பக்கம் உள்ளே பார்த்திருந்தது என்பது மாறக் கூடாது.

அந்தச் சமயம் பார்த்து மேல் வீட்டு அக்கா வந்தார். “சபீனா போட்டு ஸ்டீல் நாரால தேச்சா நிமிஷத்துல போயிடும்மா” என்றார். “வேண்டாங்கக்கா, கீறல் விழுந்துடும்” என்றேன். பாத்திரத்தில் கீறல் விழுந்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். ஓவன் கண்ணாடியில் விழும் கீறல் சூடேறும்போது உடைவதற்கு வழி செய்துவிடும்.

நான் நம்பியது ஆப்ப சோடாவை. மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டு, இட்லி மாவு பதத்தில் குழைத்துக் கறை மேல் தடவி, காய்ந்துவிடாமல் ஈரத்துணியால் மூடிவிட்டேன். திரும்பத் திரும்பச் சூடேறிய எண்ணெய் இறுகிப் பிசின் மாதிரி கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். அதைக் கையால் தேய்த்து ஜெயிக்க முடியாது. சோடாவின் காரம் ஊறி இளக்க நேரம் கொடுக்க வேண்டும். மதியச் சாப்பாடெல்லாம் முடித்துவிட்டு வந்து துணியை எடுத்தபோது வெள்ளைக் குழைவு டீ நிறத்துக்கு மாறியிருந்தது. ஸ்பாஞ்சால் வட்டமாகத் தடவியதும் கோடுகள் சுருண்டு உரிந்து வந்தன. கெட்டியாக இருந்த இடங்களில் மட்டும் மறுபடி பூசி, பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் தள்ளினேன்.

பலர் சோடாவோடு வினிகரையும் சேர்த்துக் கலக்கச் சொல்கிறார்கள். பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிதாக நடப்பதுபோலத் தெரியும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடுகின்றன, பிசுக்கை இளக்க எதுவும் மிஞ்சுவதில்லை. காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனர்களையும் நான் வாங்கவில்லை. அது கதவின் அலுமினியப் பாகங்களை அரித்துவிடும்.

வினிகருக்கு வேறு வேலை இருந்தது, அது பெங்களூரு வேலை. எங்கள் அடுக்குமாடியில் போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். கண்ணாடியைக் கழுவிக் காய வைத்தால் கால்சியம், மெக்னீசியம் உப்பு வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்துவிடுகிறது. சோடாவைச் சுத்தமாகக் கழுவியெடுத்த பிறகு, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்தேன். கடைசித் துடைப்புக்கு ஆர்.ஓ. குடிதண்ணீர். மாப் போடுவதற்காகப் பிடித்து வைக்கும் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் இதற்கு ஆகாது, அதில் உப்பு இன்னும் அதிகம்.

ஈரம் ஒரு சொட்டுகூட இல்லாமல் காய்ந்த பிறகே கண்ணாடிகளைத் திரும்பச் செருகினேன். கொஞ்சம் ஈரம் மிஞ்சினாலும் நடுவில் ஆவி கட்டிக்கொண்டு புது அடையாளம் விழும். கதவைக் கீல்களில் உட்கார வைத்துப் பூட்டுகளை விடுவித்து, மெதுவாக மூடித் திறந்து பார்த்தோம். சுற்றி இருக்கும் ரப்பர் சரியாகப் பதிந்திருந்தது. கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் புள்ளி அச்சு இருக்குமே, அதை ஒட்டி ஒரு சின்னப் பழுப்புத் திட்டு போகவில்லை. அதைச் சுரண்டாமல் விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் சிக்கன் வைத்து இறக்கியதும் ஓவன் வெதுவெதுப்புக்கு ஆறும்வரை காத்திருந்து, உள் கண்ணாடியை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறேன். கொதிக்கும் கண்ணாடியில் ஈரம் படக் கூடாது. முழுக்க ஆறவிட்டால் பிசுக்கு இறுகிவிடும்.